வேலி யாருக்காக?

சென்ற மாதம் கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலை வாசலில் கூட்டம். பஞ்சப்படி பாக்கியைப் பற்றியும், பதிலிகளை நிரந்தரமாக்க வேண்டியதைப் பற்றியும் பேசி முடித்தோம். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றோம். ஸ்பின்னிங் பகுதியில் இருபது வருஷம் சர்வீஸ் போட்ட ஒரு தோழர் எழுந்தார்.

"ஏனுங்க தோழர், அமெரிக்காக்காரன் எல்லையிலே இரும்புச் சுவர் கட்டறானாமே. கள்ளத்தனமா வந்தவனுக்கு விலங்கு மாட்டி ஏரோப்ளேன்லே திருப்பி அனுப்பறானாமே. அந்த ஊர்த் தொழிலாளிக்கு அது நல்லதுதானுங்களே? நம்ம மில்லுக்கும் அந்த மாதிரி ஒரு வேலி போட்டா என்னங்க? வடக்கே இருந்து வர்ற பசங்க நின்னுட்டா நம்ம கூலி ஏறுமுங்களே!"

சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு கைதட்டலும் எழுந்தது. சிரிப்பை விட்டுவிடலாம், கைதட்டலை விட்டுவிட முடியாது. பதில் சொல்லத் தொடங்குவதற்குள் சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறோம்.

கேட்ட தோழர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கூலி ஏறாமல் நிற்கும்போது, பக்கத்து மெஷினில் குறைந்த கூலிக்கு நிற்கிறவன்தான் முதலில் கண்ணில் படுவான். முதலாளி கண்ணில் படமாட்டான். அவன் ஆபீசில் இருக்கிறான், அல்லது வேறு ஊரில் இருக்கிறான். ஆகவே கேள்வியை மதித்தே பதில் சொல்ல வேண்டும். அந்த அமெரிக்க வேலியின் கதையை முதலிலிருந்து பார்ப்போம். வேலி போட்டவன் யார், எதற்குப் போட்டான், போட்டதால் என்ன நடந்தது?

அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே எல்லை சுமார் 3,145 கிலோமீட்டர். பசிபிக் கடலில் தொடங்கிப் பாலைவனத்தைக் கடந்து, பிறகு ஆற்றோரமாகவே போய் மறுபக்கக் கடலில் முடிகிறது. இந்த எல்லை கடவுள் கிழித்த கோடல்ல. 1846ல் அமெரிக்கா மெக்ஸிகோவின்மீது படையெடுத்தது. 1848ல் உடன்படிக்கை என்ற பெயரில் கலிபோர்னியா முதலான பெரும் பிரதேசங்களைப் பிடுங்கிக்கொண்டது. டெக்ஸாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்ஸிகோ தன் நாட்டில் பாதியை இழந்தது. 'நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிற்று' என்று அங்குள்ள மெக்ஸிகோ வம்சாவளியினர் சொல்வது வாய்ச் சாமர்த்தியமல்ல, சரித்திரம்.

பிடுங்கிய நிலத்தில் பழத்தோட்டங்களும் பருத்திக் காடுகளும் காய்கறிப் பண்ணைகளும் எழுந்தன. அவற்றுக்கு ஆள் வேண்டும்; அதுவும் அறுவடைக்கு மட்டும் வேண்டும். அறுவடை முடிந்தால் கண்ணில் படக்கூடாது. நம் தஞ்சைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. நிலச்சுவான்தார் வேலி கட்டினால் அதில் ஒரு படலும் வைத்துக் கட்டுகிறார். நடவுக்கும் அறுப்புக்கும் படல் திறக்கும். நெல் களத்துக்கு வந்ததும் மூடிக்கொள்ளும். அமெரிக்க எல்லையும் படல் வைத்த வேலிதான். வேலியின் உயரத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. படலைத் திறப்பதும் மூடுவதும் யார் என்று எழுதுவதில்லை.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ஆள் பஞ்சம். 1942ல் அமெரிக்க சர்க்காரே மெக்ஸிகோ சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கூலியாட்களைக் கொண்டுவந்தது. 'பிராசெரோ' என்று அவர்களுக்குப் பெயர். கைகளை நம்பிப் பிழைப்பவன் என்று பொருள். 1964 வரை 22 ஆண்டுகளில் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. எல்லையில் அவர்களை நிர்வாணமாக நிறுத்தி, பூச்சி மருந்து தெளித்துத்தான் உள்ளே விட்டார்கள். அந்தத் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்தவர்களின் கூலியில் 10 சதவிகிதம் சேமிப்பு என்று பிடிக்கப்பட்டது. பெரும்பாலோர் அந்தக் காசைக் கண்ணால் பார்க்கவில்லை. கலிபோர்னியாப் பண்ணைகளில் முழம் நீளம்கூட இல்லாத காம்பு போட்ட களைக்கொத்தைக் கையில் கொடுத்தார்கள். குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுதும் வேலை. எவன் நிமிர்கிறான் என்பதை மேஸ்திரி தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா! அந்தக் களைக்கொத்துக்கு 1975ல்தான் தடை வந்தது, அதுவும் தொழிலாளர் போராடியதால்.

ஒப்பந்தக் கூலி பண்ணை முதலாளிக்கு மலிவுதான். ஆனால் ஒப்பந்தமே இல்லாத கூலி அதைவிட மலிவு. ஆகவே ஆற்றை நீந்தி வந்தவர்களையும் வேலைக்கு வைத்தார்கள். அவர்களுக்கு 'முதுகு நனைந்தவன்' என்று ஒரு வசைப்பெயர் சூட்டினார்கள். பிடிபட்டவர்களை எல்லைக்குக் கொண்டுபோய், ஒரு காலை மெக்ஸிகோ மண்ணில் வைக்கச் சொல்லி, உடனே திரும்ப அழைத்துச் சட்டப்படி வந்த கூலி என்று சீட்டுக் கொடுத்து, அதே பண்ணைக்கே அனுப்பிய வேடிக்கையும் அந்தக் காலத்தில் நடந்தது. நனைந்தவனை உலர்த்துவது என்று அதற்கு அதிகாரிகள் வைத்த பெயர்! ஒரு காலை எடுத்து வைத்தால் குற்றவாளி. அதே காலை முதலாளிக்குத் தேவையானபோது எடுத்து வைத்தால் குற்றமில்லை.

1952ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு குடியேற்றச் சட்டம் செய்தது. கள்ளத்தனமாக வந்தவனுக்கு இடம் கொடுத்து மறைத்து வைப்பது பெரிய குற்றம் என்றது. அடுத்த வாயில், அவனை வேலைக்கு வைப்பது இடம் கொடுப்பதாகாது என்றும் எழுதிக்கொண்டது. ஒருவனுக்கு ஒரு வேளைச் சோறும் படுக்க மூலையும் கொடுத்த ஏழை குற்றவாளி. அவனை நூறு பேரோடு சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிய பண்ணைக்காரன் உத்தமன். டெக்ஸாஸ் பண்ணை முதலாளிகளின் தயவுக்காகச் சேர்க்கப்பட்டதால் அந்த விதிக்கு டெக்ஸாஸின் பெயரே நிலைத்துவிட்டது. 34 வருஷம், 1986 வரையில், அதுவே சட்டம். தோழர்களே, வேலியைப் பற்றி யார் என்ன பேசினாலும் இந்த ஒரு விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டம் வந்து இரண்டே வருஷத்தில், 1954ல், அதே வசைப்பெயரையே நடவடிக்கையின் பெயராக வைத்து, ஓய்வு பெற்ற ஒரு ராணுவ ஜெனரலின் தலைமையில் மெக்ஸிகோக்காரர்களை வேட்டையாடினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் வெளியேற்றியதாக சர்க்கார் பெருமையடித்துக்கொண்டது. அதே வருஷம் ஒப்பந்தக் கூலிகளை லட்சக்கணக்கில் உள்ளேயும் கொண்டுவந்தது. ஒரு கையால் துரத்துவது, மறு கையால் அழைப்பது!

துரத்தப்பட்டவன் எப்படி மதிக்கப்பட்டான் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறோம். 1948 ஜனவரி 28ல், நாடு கடத்தப்பட்ட 28 மெக்ஸிகோ விவசாயக் கூலிகளை ஏற்றிச் சென்ற விமானம் கலிபோர்னியாவில் விழுந்து எரிந்தது. விமானச் சிப்பந்திகளும் காவலருமான நான்கு அமெரிக்கர்களும் இறந்தார்கள். அந்த நால்வரின் பெயரும் பத்திரிகைகளில் வந்தது. மற்ற 28 பேர் வெறும் 'நாடு கடத்தப்பட்டவர்கள்'. பிரெஸ்னோ நகரில் ஒரே குழியில் புதைத்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்தது 2013ல். 65 வருஷம் ஆயிற்று!

இனி வேலிக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் சாண்டியாகோ நகருக்கருகே 14 மைல் வேலி எழுந்தது. அது எதனால் ஆனது தெரியுமா? வியட்நாம் யுத்தத்தில் ஹெலிகாப்டர் இறங்குவதற்காகத் தரையில் விரித்த இரும்புத் தகடுகள். அந்த மக்களைக் கொல்லப் பயன்பட்டது போக மிஞ்சியதை நிமிர்த்தி நட்டு இந்த மக்களை மறித்தார்கள். 1994ல் அங்கே காவலையும் விளக்குகளையும் பெருக்கி, 'வாயிற்காவலன்' என்ற பெயரில் ஒரு திட்டத்தையும் தொடங்கினார்கள்.

அதே 1994ன் முதல் நாள்தான் அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றுக்கும் இடையே வரியில்லா வியாபார ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இதைக் கவனிக்க வேண்டும். மக்காச்சோளம் பிறந்த மண் மெக்ஸிகோ. அங்குள்ள குடியானவனுக்கு நமக்கு நெல் எப்படியோ அப்படி. அமெரிக்கப் பெரும் பண்ணைகளுக்கு அந்நாட்டு சர்க்கார் கோடி கோடியாக மானியம் கொடுக்கிறது. அந்தச் சோளம் மலை மலையாக மெக்ஸிகோவில் வந்து இறங்கியது. விலை சரிந்தது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரன் என்ன செய்வான்? 1992லேயே மெக்ஸிகோ தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, புரட்சியில் குடியானவர்களுக்குக் கிடைத்த கிராமப் பொது நிலங்களை விற்பதற்கு வழி திறந்துவிட்டிருந்தது. 1993 கடைசியில் மெக்ஸிகோ விவசாயத்தில் 81 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2002ல் 68 லட்சம். மிச்சம் 13 லட்சம் பேர் எங்கே போவார்கள்? சோளம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையில் நடந்தார்கள்.

சோளம் வேலியைத் தாண்டலாம். மூலதனம் தாண்டலாம், 1965 முதலே அமெரிக்கக் கம்பெனிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் பாக்டரி வைத்து மலிவுக் கூலியில் கொழிக்கின்றன. லாபம் தாண்டித் திரும்பலாம். சோளத்தால் நிலமிழந்தவன் மட்டும் தாண்டக்கூடாது!

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். வேலிக்குப் பயந்து பசி நிற்குமா? நகரத்தருகே வேலி இருந்தால் பாலைவனத்தைச் சுற்றி நடந்தார்கள். கோடையில் அந்த அரிஸோனாப் பாலைவனம் நெருப்பு. ஒரு குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டு மூன்று நாள், நான்கு நாள் நடக்க வேண்டும். எல்லைக் காவல் படையின் சொந்தக் கணக்குப்படியே 1998 முதல் இருபதாண்டுகளில் 7,000க்கும் அதிகமான சடலங்கள். கணக்கில் வராத எலும்புகள் எத்தனையோ! வழி காட்டுகிற தரகர்களுக்கு அங்கே 'கொயோட்டே' என்று பெயர். நம் ஊர் நரிக்கு உறவான ஒரு பிராணி. வேலிக்கு முன் சில நூறு டாலராக இருந்த அவர்களுடைய கூலி பல ஆயிரமாக ஏறிற்று. வேலியினால் உறுதியாக லாபம் கண்டவர்கள் அந்த நரிகளும் வேலி கட்டிய கான்ட்ராக்டர்களும்தான்.

இன்னொரு விளைவு, வேலி கட்டியவர்களே எதிர்பாராதது. முன்பெல்லாம் மெக்ஸிகோக்காரன் அறுவடைக்கு வருவான். நாலு காசு சேர்த்துக்கொண்டு பண்டிகைக்கு ஊருக்குப் போவான். மறு வருஷம் வருவான். வேலி வந்தபின், ஒரு தடவை உயிரைப் பணயம் வைத்து வந்தவன் திரும்பிப் போக அஞ்சினான். போனால் மறுபடி வர முடியுமா? அங்கேயே தங்கி, பெண்டாட்டி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டான். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் டக்ளஸ் மாஸி என்ற பேராசிரியர் பல்லாண்டு மெக்ஸிகோக் கிராமங்களில் விசாரித்து எடுத்த முடிவு இது. நுழைகிறவனைத் தடுப்பதற்குக் கட்டிய வேலி, திரும்புகிறவனைத் தடுத்தது!

கணக்கைப் பாருங்கள். 1990ல் அனுமதிப் பத்திரமில்லாமல் அமெரிக்காவில் இருந்தவர்கள் சுமார் 35 லட்சம். பிறகு எல்லைக் காவலர் தொகை ஐந்து மடங்கு பெருகிற்று. 2006ல் 700 மைல் வேலிக்குத் தனிச் சட்டமே வந்தது. 2007ல் பத்திரமில்லாதவர்கள் எத்தனை பேர்? சுமார் 122 லட்சம்! அடுத்த வருஷங்களில் அது குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது? அமெரிக்காவின் பாங்குகள் கவிழ்ந்து, வீடு கட்டும் வேலை நின்றதால். 2009க்கும் 2014க்கும் இடையில் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர்களைவிடத் திரும்பிப் போனவர்கள் அதிகம். வேலை நின்றால் வரவு நிற்கிறது, வேலை இருந்தால் வரவு இருக்கிறது. நடுவில் நிற்கிற இரும்புக்கு இதில் பங்கு சொற்பம்.

போதாததற்கு, பத்திரமில்லாதவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் எந்த வேலியையும் தாண்டியவர்களே அல்ல. விசா வாங்கிக்கொண்டு விமானத்தில் வந்து, தவணை முடிந்தபின் தங்கிவிட்டவர்கள். ஆகாயத்துக்கு யார் வேலி போடுவது?

2016 தேர்தலில் டிரம்ப் சுவர் கட்டுவேன் என்றார், செலவை மெக்ஸிகோவே கொடுக்கும் என்றார். மெக்ஸிகோ கொடுக்கவில்லை. சுவருக்குப் பணம் ஒதுக்கும் தகராறில் 2018 டிசம்பர் முதல் 35 நாட்கள் சர்க்கார் ஆபீசுகள் முடங்கின. 8 லட்சம் ஊழியர்கள் அந்த நாட்களில் சம்பளமில்லாமல் தவித்தார்கள். ஆகச் சுவருக்கு முதலில் பட்டினி கிடந்தவன் அமெரிக்கத் தொழிலாளியே! சுமார் 1,500 கோடி டாலர் ஒதுக்கி, 2021 ஜனவரி வரை 737 கிலோமீட்டர் முடித்தார்கள். அதில் பெரும்பகுதி பழைய வேலியைப் பிடுங்கிய இடத்தில் நட்டது. கடையில் விற்கிற சாதாரண மின்சார ரம்பத்தால் அதை அறுத்து வழி செய்தார்கள். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் எல்லைக் காவலர் பிடித்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம். அவர்களில் பெரும்பாலோர் ஓடி ஒளியவில்லை. காவலரைத் தேடிப் போய், அடைக்கலம் வேண்டும் என்று கைநீட்டியவர்கள். ஒளியாதவனை வேலி எப்படித் தடுக்கும்?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025ல் எல்லை தாண்டுகிறவர்கள் தொகை மிகவும் விழுந்துவிட்டது. பிப்ரவரி மாதத்தில் பிடிபட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் கீழே. 'பார், தடுத்துவிட்டார்கள்' என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இந்த இறக்கம் 2024லேயே ஆரம்பித்துவிட்டது. மெக்ஸிகோ சர்க்கார் தன் நாட்டுக்குள்ளேயே ஆட்களை மறித்ததும், அடைக்கலம் கேட்கும் வழியை அமெரிக்கா முதலில் குறுக்கிப் பிறகு அடைத்ததும், ராணுவத்தை நிறுத்தியதும் காரணங்கள். சுவருக்கென்று 4,650 கோடி டாலரை அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கியது அதற்குப் பிறகு, 2025 ஜூலையில். ஆள் வருவது குறைந்தபின் சுவருக்குப் பணம்! உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவனையும் உள்ளே விடமாட்டேன் என்று கதவை அடைப்பது, பிரச்னை தீர்ந்ததாகுமா? அவன் ஓடி வந்த ஊரில் பிரச்னை அப்படியே இருக்கிறது.

அந்த 2025 பிப்ரவரியில்தான் நம் நாட்டவர் 104 பேரை விலங்கிட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கினார்கள். தோழர் கேட்டது அதைப் பற்றித்தான். அப்படித் திரும்பியவர்களில் பலர் நிலத்தை விற்றும் அடகு வைத்தும் ஏஜெண்டுகளுக்கு 40 லட்சம், 50 லட்சம் என்று கொடுத்துப் போனவர்கள். விலங்கு அவர்கள் கையில். ஏஜெண்டுகள் கையில் பணம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'அப்படியானால் வேலி தோற்றுவிட்டது, முட்டாள்கள் கட்டுகிறார்கள்' என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளி வர்க்கம் எழுபது எண்பது வருஷம் ஒரே முட்டாள்தனத்தைச் செய்யாது. ஆளைத் தடுப்பதில் வேலி தோற்றது. ஆனால் அது வேறொரு காரியத்தில் பலித்தது. உள்ளே வந்தவனை ஊமையாக்கியது.

ஒரு வழக்கைச் சொல்கிறோம். கலிபோர்னியாவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. யூனியன் சேர்த்ததற்காக ஒரு தொழிலாளியை 1989ல் வேலையிலிருந்து நீக்கியது. யூனியன் சேர்த்ததற்காக நீக்குவது அந்நாட்டுச் சட்டப்படியே குற்றம். நீக்கிய காலத்துச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். விசாரணையில் அந்தத் தொழிலாளிக்குப் பத்திரமில்லை என்பது தெரிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2002ல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு நீதிபதிகள் மறு பக்கம். தீர்ப்பு: பத்திரமில்லாதவனுக்குச் சம்பளப் பாக்கி கிடையாது! இதன் அர்த்தம் என்ன? பத்திரமில்லாதவன் யூனியனில் சேர்ந்தால் முதலாளி அவனை நீக்கலாம், அதற்காகக் காலணா நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் முதலாளி யாரை வேலைக்கு வைக்க விரும்புவான்? பத்திரம் உள்ளவனையா, இல்லாதவனையா?

கூலி எங்கே இறங்குகிறது என்று இப்போது தெரிகிறதா, தோழரே? வெளியூரான் வந்ததால் இறங்கவில்லை. வந்தவன் வாய் திறந்தால் போலீஸ் வரும் என்ற பயத்தினால் இறங்குகிறது. அந்தப் பயத்தை உண்டாக்குவதே வேலியின் வேலை. வேலி இன்னும் உயர்ந்தால் பயம் இன்னும் உயரும், கூலி இன்னும் தாழும், அதோடு உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் தாழும். அமெரிக்க வயல்களில் வேலை செய்கிற கூலிகளில் நூற்றுக்கு 40 பேருக்குப் பத்திரமில்லை என்று அந்நாட்டுத் தொழில் இலாகாவின் கணக்கே சொல்கிறது. நாடே அவர்கள் பறித்த பழத்தைத் தின்கிறது.

1986ல் ஒரு சட்டம் வந்ததே, முதலாளியையும் தண்டிப்பதாக? வந்தது. 'தெரிந்தே' வேலைக்கு வைத்தால்தான் குற்றம் என்று எழுதினார்கள். காட்டிய காகிதத்தைப் பார்த்தேன், உண்மை என்று நம்பினேன் என்றால் தப்பிக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் முதலாளிகளின் படல் பத்திரமாயிருக்கிறது. அதே சட்டத்தில் ஏற்கெனவே இருந்த சுமார் 27 லட்சம் பேருக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது நல்ல காரியம். ஆனால் அந்த மாதிரிப் பெருங் காரியம் பிறகு நடக்கவே இல்லை.

2025 ஜூன் மாதத்தில் நடந்தது எல்லாவற்றையும் அம்பலப்படுத்திற்று. வயல்களிலும் பட்டறைகளிலும் புகுந்து ஆட்களைப் பிடித்தார்கள். பிடிபடாதவர்களும் பயந்து வேலைக்கு வரவில்லை. பழம் செடியிலேயே அழுகும் என்று பண்ணை முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். சுவர் வீரர் டிரம்ப் என்ன சொன்னார்? நம் விவசாயிகளும் ஹோட்டல்காரர்களும் நல்ல வேலையாட்களை இழக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்! பண்ணைகளில் பிடிப்பதை நிறுத்தி வைக்கும்படி உத்தரவும் போயிற்று. சில நாளில் அந்த உத்தரவையும் மாற்றினார்கள். படலைத் திறப்பதா மூடுவதா என்று ஆண்டைகளுக்குள்ளேயே சண்டை. உள்ளே நிற்கிறவனை யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க யூனியன்களும் வெகு காலம் அந்த மில் தோழர் மாதிரியே நினைத்தன. ஸெஸார் ஷாவேஸ் தலைமையில் இருந்த பண்ணைத் தொழிலாளர் யூனியன் பெரிய யூனியன், தியாக யூனியன். அதுவே 1974ல் அரிஸோனா எல்லையில், கருங்காலிகளைத் தடுக்கிறோம் என்று கூடாரமடித்துத் தன் ஆட்களையே காவல் வைத்தது. அங்கே எல்லை தாண்டியவர்கள் அடிபட்டதாகப் புகார்களும் எழுந்தன. வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி வெளியாளைக் கொண்டுவந்தால் நமக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஆகவே அவர்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனாலும் தவறு தவறுதான். உழைப்பாளி போட்ட வேலியும் முதலாளிக்கே பயன்படும்.

அந்த யூனியனின் பெருமை வேறொரு நாளில் இருக்கிறது. கலிபோர்னியாவில் டெலானோ என்ற ஊர், திராட்சைத் தோட்டங்கள். பிலிப்பினோத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் மெக்ஸிகோக்காரரை இறக்குவார்கள். மெக்ஸிகோக்காரர் நிறுத்தினால் பிலிப்பினோக்களை இறக்குவார்கள். பல்லாண்டு இப்படியே இரண்டு கூட்டத்தையும் மோதவிட்டு இருவர் கூலியையும் மிதித்து வைத்தார்கள். 1965 செப்டம்பர் 8ல் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோக்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இம்முறை அவர் ஷாவேஸிடம் போனார். செப்டம்பர் 16ல் மெக்ஸிகோத் தொழிலாளர் கூடி, கருங்காலிகளாகப் போவதில்லை, நாமும் சேருவோம் என்று முடிவெடுத்தார்கள். பாஷை வேறு, நாடு வேறு, உட்காருகிற சாப்பாட்டுக் கொட்டகை வேறு. ஐந்து வருஷம் நடந்தது போராட்டம். 1970ல் திராட்சை முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இத்தனைக்கும் யூனியன் உரிமை கொடுத்த 1935ம் வருஷச் சட்டம் விவசாயத் தொழிலாளியை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. இன்றும் அந்தச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை.

2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் மத்தியத் தொழிற்சங்கச் சம்மேளனமும் பழைய கொள்கையை மாற்றிக்கொண்டது. பத்திரமில்லாதவர்களுக்குப் பத்திரம் கொடு, அவர்களும் யூனியனில் சேரட்டும் என்று தீர்மானித்தது. நல்லெண்ணம் திடீரென்று பிறந்துவிடவில்லை. ஹோட்டல்களிலும் இறைச்சி பாக்டரிகளிலும் யூனியன் சேர்க்கப் போன இடமெல்லாம் பத்திரமில்லாதவனே நின்றான். அவனை விட்டுவிட்டு யூனியன் கட்ட முடியாது என்று அனுபவம் கற்றுக் கொடுத்தது.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். நம் நாடும் பங்களாதேஷ் எல்லை 4,096 கிலோமீட்டரில் 3,000க்கு மேல் வேலி போட்டிருக்கிறது. 2011 ஜனவரியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி, தகப்பனோடு சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது, அந்த முள்வேலியில் சுடப்பட்டுத் தொங்கினாள். அவள் உள்ளே வரவில்லை, வெளியே போய்க்கொண்டிருந்தாள்! 2025ல் மேற்கு வங்கத்துக் கூலிகள் சிலரை, இந்தியப் பிரஜைகளை, வங்காளம் பேசுகிறார்கள் என்ற சந்தேகத்தில் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். பிறகு தவறு வெளிப்பட்டுத் திரும்ப அழைத்து வந்தார்கள். வேலி எல்லையிலேயே நிற்பதில்லை. நடந்து வருகிறது, டில்லித் தொழிலாளர் குடிசை வரையில் வருகிறது.

நம் ஜனங்களுக்கும் ஒரு வசைப்பெயர் உண்டே! 'கள்ளத்தோணி.' இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை வெள்ளைக்காரனுக்கு உருவாக்கிக் கொடுத்தவர்கள் நம் திருச்சி, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக் கூலிகள். கங்காணி கூப்பிட்டபோது படல் திறந்திருந்தது. 1948ல் சுதந்திர இலங்கை செய்த முதல் காரியங்களில் ஒன்று, அவர்களுடைய பிரஜா உரிமையைப் பறித்தது. சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களானார்கள். அந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கும் கள்ளத்தோணி என்ற பட்டம். கடலைவிடப் பெரிய அகழி உண்டா? அது தோட்டக் கூலியின் நிலையை உயர்த்திற்றா? ஓட்டில்லாத கூலியை வைத்துத் தோட்ட முதலாளிதான் கொழுத்தான். 1964ல் இரண்டு சர்க்கார்களும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மாட்டைப் பங்கிடுவதுபோல் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இப்போது மில் வாசலுக்கு வருவோம். ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற அந்தப் பையன்கள் கள்ளத்தனமாக வந்தவர்களல்ல, இந்த நாட்டுப் பிரஜைகள். ஆனால் மில் முதலாளி அவர்களுக்கும் ஒரு வேலி போட்டுத்தான் வைத்திருக்கிறார். அதற்கு ஹாஸ்டல் என்று பெயர். காம்பவுண்டுக்குள்ளே படுக்கை, காம்பவுண்டுக்குள்ளே சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே. நம் வாயிற்கூட்டம் அவர்கள் காதில் விழாது. விழுந்தாலும் தமிழில் விழும். அவர்கள் கூலி எவ்வளவு என்று கேட்ட தோழருக்குத் தெரியுமா? நமக்கும் அன்றுவரை தெரியாது. ஏஜெண்டு பிடித்தம், சாப்பாட்டுப் பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. வருஷக்கணக்காக அந்த வாசலில் கொடி நட்டுப் பேசுகிற நாமே விசாரிக்காததற்கு முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பையன்கள் வெளியே வருகிற நேரத்தில் சந்தைப் பக்கம் போய் நின்றோம். கேள்வி கேட்ட தோழரையும் அழைத்துக்கொண்டோம். முகம் சுளித்துக்கொண்டேதான் வந்தார். டீக்கடையில் நாலு பேர் அகப்பட்டார்கள். அரைகுறைத் தமிழிலும் கை ஜாடையிலும் பேச்சு நடந்தது. அவர்களில் ஒருவன், எட்டாவது வரை படித்தவன், தன் பிடித்தக் கணக்கை ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக் காட்டினான். தோழர் அதை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

"இதென்னங்க தோழர், எட்டு மணி நேரக் கூலியைக் குடுத்துப் பன்னண்டு மணி நேரம் வாங்கியிருக்கானே!" என்றார்.

அடுத்த வாயிற்கூட்டத்துக்கான நோட்டீஸை இம்முறை ஹிந்தியிலும் ஒரியாவிலும் சேர்த்து அச்சடிக்க ஏற்பாடாகிறது. ஒரியாவுக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஹிந்தியை எழுதித் தருவதாக அந்த எட்டாவது படித்த பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான், தன் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.